கரடி தட்டிய கடைசிக் கதவு

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். வீட்டோடு சேர்ந்த வீடியோக் கடையின் பின்னறையில் டிவிடியில் படம் ஏற்றும் இரண்டு ரைட்டர்கள். எந்த ரைட்டர் எந்த மருமகளுடையது என்று கேட்டால் தெருமுனையில் பேப்பர் விற்பவர்கூடச் சொல்லிவிடுவார். பெரியவள் பிளஸ் கட்சி. சின்னவள் மைனஸ் கட்சி.

படத்தைப் பதிந்துகொள்ளும் வெற்று டிவிடிகள் அப்போது இரண்டு வகையாக வந்துகொண்டிருந்தன. பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதே வட்டம், அதே பளபளப்பு, அதே ஓட்டை. உறையில் பெயருக்கு நடுவே ஒன்றில் கூட்டல் குறி, இன்னொன்றில் கழித்தல் கோடு. ஆனால் ஒன்றை எழுதும் ரைட்டர் இன்னொன்றைத் தொடாது. வீட்டில் போட்டுப் பார்க்கும் பிளேயர்களோ அதைவிட மோசம். சில பிளேயர்கள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும் ஏற்று மற்றதை வெளியே தள்ளும். எங்கோ தூரத்தில், கண்ணாடி வைத்த பெரிய கட்டிடங்களில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் முறைத்துக்கொண்டு, அந்தச் சண்டையை அட்டைப்பெட்டியில் அடைத்துத் தங்கள் பின்னறைக்கு அனுப்பிவிட்டதாகச் சின்னவள் நினைத்துக்கொள்வாள். கப்பலில், பிறகு லாரியில், பிறகு மாமனாரின் ஸ்கூட்டரில் ஏறி வந்த சண்டை.

கணவன்மார் இருவரும் அண்ணன் தம்பி. கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், கூட்டம் என்று போய்விடுவார்கள். அவர்கள் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, டிஸ்கில் ஏற்றி, பெயர் எழுதி உறையில் போடுவது ஓரகத்திகளின் வேலை. சின்னவள் வெட்டுவாள். பெரியவள் ஏற்றுவாள், பெயர் எழுதுவாள். அச்சடித்தது மாதிரி இருக்கும் அவள் கையெழுத்து.

"வர்றவங்க எல்லாரும் பிளஸ்தான் கேக்குறாங்க. நீ மட்டும் ஏண்டி எதுக்கெடுத்தாலும் கழிச்சுக்கிட்டே இருக்க?" என்பாள் பெரியவள்.

"அவங்க என்ன தெரிஞ்சா கேக்குறாங்க? பிளஸ்னா கூட ஏதோ இலவசமா கிடைக்கும்னு நினைக்கிறாங்க அக்கா."

"அப்படியே இருக்கட்டுமே. நினைப்புதான் பாதி சந்தோஷம்."

"மீதி சந்தோஷம் படம் ஓடினாதான் வரும்."

முன்னறையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு இது எல்லாம் காதில் விழும். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் அவருடைய பிளேயர் கட்சி கட்டியிருந்தது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய கறுப்புப் பெட்டி அது. அவர் ஆசையாக வாங்கியது, யாரையும் துடைக்கக்கூட விடமாட்டார். பிளஸ் டிஸ்கைப் போட்டால் கொஞ்ச நேரம் உள்ளே உருட்டிப் பார்க்கும். பிறகு தட்டை நாக்கு மாதிரி நீட்டி, வேண்டாம் என்று சொல்லிவிடும்.

"உங்க பெட்டிக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு மாமா" என்று பெரியவள் அதை முறைப்பாள்.

"அதுக்கு வயசாயிடுச்சும்மா. பிடிச்சதைத்தான் சாப்பிடும்" என்பார் அவர்.

இப்படிச் சிரிப்பும் சீண்டலுமாகப் போய்க்கொண்டிருந்த சண்டை, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து தலைமையாசிரியை வந்த அன்று வேறு மாதிரி ஆனது.

அவர் கேட்டது சின்ன வேலைதான். பிள்ளைகள் தாங்களே கட்டிய கதைகளைச் சைகை மொழியில் சொல்வார்கள். அதை வீடியோ எடுத்து, ஆளுக்கொரு டிஸ்க் போட்டு, ஆண்டு விழாவுக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது. "நான் போறேன்" என்று சின்னவள் சொன்னபோது அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. கடையில் சும்மா கிடந்த இரண்டாவது கேமராவை எடுத்துக்கொண்டு போனாள்.

இத்தனை வருடம் மற்றவர்கள் எடுத்ததை வெட்டியவள் அவள். எது தப்பு என்று அவளுக்குத் தெரியும். முகம் அழகாக இருக்கிறதே என்று கிட்டே போனால் கை வெளியே போய்விடும். இந்தப் பிள்ளைகளுக்குக் கை போனால் பேச்சே போயிற்று. அதனால் தலைக்கு மேலே கொஞ்சம், இரண்டு முழங்கைக்கும் வெளியே கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை ஆடாமல் நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் விரல்களால் மழை பெய்தான். ஒருத்தி ரயிலை ஓட்டி, அதை ஆற்றில் தள்ளி, அவளே குதித்துக் காப்பாற்றினாள். கடைசியாக முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் வந்தாள்.

அவள் கதையில் ஒரு கரடிக்குத் தூக்கம் தொலைந்துபோகிறது. பனிக்காலம் வந்துவிட்டது, காடே உறங்குகிறது, கரடிக்கு மட்டும் கண் மூடவில்லை. ஒரு ஊருக்குள் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறது. 'என் தூக்கம் இங்கே வந்ததா?' ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொருவர். கிழவர், தையல்காரி, கோபக்கார நாய். எல்லாரும் இல்லை என்கிறார்கள். தெருவின் கடைசி வீட்டில் கரடி கையை ஓங்கித் தட்டுகிறது. கதவு திறக்கிறது.

சின்னவளுக்குச் சைகை மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தக் கதவு திறந்தபோது கேமராவுக்குப் பின்னாலிருந்து அவளும் கரடியோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

எடுத்ததைத் தலைமையாசிரியை முழுக்கப் பார்த்தார். "கை ஒரு இடத்துலகூட வெட்டுப்படலையே" என்றார் கடைசியில். "அடுத்த வருஷம் முழுக்க எங்க பாடம் எல்லாத்தையும் இப்படி எடுக்கணும்னு இருக்கோம். பெரிய கம்பெனி ஒண்ணும் கேட்டிருக்கு. எனக்கு உங்க கைதான் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. இந்த டிஸ்க் எல்லா வீட்டுலயும் ஓடணும். எங்க பெற்றோர்கள்ல முக்கால்வாசிப் பேருக்குச் சைகை தெரியாது. நாங்க எழுதித் தர்றது கீழே எழுத்தா வர்ற இந்தப் படத்துலதான் முதல் தடவையா தன் பிள்ளை என்ன சொல்லுதுன்னு பார்க்கப் போறாங்க. ஒரு வீட்டுல ஓடலைன்னாலும் எனக்கு அது ஓடாத மாதிரிதான்."

மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் பொதுவாகச் சொன்னார்: "அந்த வேலை வந்துச்சுன்னா ரெண்டாவது கேமரா சின்னவளுக்கு. வரலைன்னா பழையபடி பின்னறைதான். நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது."

 ஒரு ஜன்னல்கூட இல்லாத அந்தப் பின்னறையில் இருந்துகொண்டு, மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்த உலகத்தையே இத்தனை நாளாகச் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கதவு கொஞ்சம் திறந்து கிடந்தது.

ஆக, பிளஸ்ஸா மைனஸா?

"வாய்ப்பேச்சு வேண்டாம். வீடு வீடா போய்ப் போட்டுப் பார்த்துட்டு வர்றேன்" என்றாள் சின்னவள். இரண்டிலும் முதல் கதையை மட்டும் ஏற்றி, இரண்டு டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தலைமையாசிரியை கொடுத்த முகவரிகளில் போய்க் கதவைத் தட்டினாள். சிலர் மின்சாரக் கணக்கெடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் டிவிக்கு மேல் போட்டிருந்த பூவேலைத் துணியை எடுக்கவே அரை நாள் ஆகிவிடும் போலிருந்தது. இன்னொரு வீட்டில் அந்தம்மா, "பிளேயர் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்காரர்தான் ரிப்பேர்" என்று சிரித்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பல் விழுந்த பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுநர். காக்கிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, டிஸ்க் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் இரண்டும் ஓடின. தெருக்களின் முடிவில் கணக்குத் தெளிவாக இருந்தது. பெரும்பாலான வீடுகளில் மைனஸ் ஓடியது. இரண்டொரு வீடுகள்தான் பிளஸ்ஸைத் தவிர வேறெதையும் தொடாதவை.

"அப்ப மைனஸ். அந்த ரெண்டொரு வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் சின்னவள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

பெரியவளுக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவள் மனசு முகத்தைவிடப் பெரியது. மறுநாள் கடைத்தெருவிலிருந்து ஒரு கட்டுத் தாள் வாங்கி வந்தாள். வட்டமாக வெட்டி, பின்பக்கம் பசை தடவிய பளபளப்புத் தாள். கம்ப்யூட்டரில் ஒரு கரடியை வரைந்து, கீழே 'ஒளிப்பதிவு' என்று போட்டு, அதன் கீழே சின்னவளின் பெயரை அச்சடித்திருந்தாள்.

"எப்பவும் நான்தானே பேனாவால எழுதுறேன். இது உன் முதல் படம். சினிமாக்காரங்க மாதிரி இருக்கட்டும்."

சின்னவள் அந்த வட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு தன் பெயரை அச்சில் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஒன்றை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள் என்பது அவளுக்கும் தலையணைக்கும் மட்டும் தெரியும்.

எல்லா டிஸ்கையும் ஏற்றி, வழக்கம்போல ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் போட்டு முதல் கதை ஓடுகிறதா என்று பார்த்து, பிறகு தாளை ஒட்டினார்கள். வரிசையாக அடுக்கியபோது பின்னறை முழுக்கக் கரடிகள். முதலில் சில வீடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று தலைமையாசிரியை ஒரு சிறு அடுக்கை வாங்கிப் போனார்.

அதற்கு மறுநாள் பஸ் ஓட்டுநர் கடைக்கு வந்தார். டிஸ்கைக் கல்லாவில் வைத்தார்.

"கரடி நின்னுடுச்சுங்க."

"எங்க நின்னுச்சு?"

"கடைசிக் கதவுல. தட்டுறதுக்குக் கையை ஓங்குது. அப்படியே நிக்குது. கட்டம் கட்டமா உடையுது. பொண்ணு டிவியைப் போய்க் கையால தள்ளுறா. திறக்கச் சொல்லி." அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டினார். "அந்தக் கதவுக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்குறேன், அவ கையால சொல்றா, எனக்குப் புரியலை. படத்துல பாருன்னு சொல்றா. படம் நிக்குது."

அவர் போவதற்குள் தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வீடுகளில் அதே கதை. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "விழா சனிக்கிழமை. அதுக்கு முன்னாடி எல்லா வீட்டுலயும் ஓடணும். இல்லைன்னா நான் அந்தக் கம்பெனிகிட்டத்தான் போகணும். தப்பா நினைக்காதீங்க."

பெரியவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பிளஸ்ல போடுடின்னு. கேட்டியா?"

"அக்கா, இப்ப வேண்டாம்."

"இப்பத்தான் வேணும். தள்ளு."

தன் ரைட்டரில் ஒரு பிளஸ் டிஸ்கைப் போட்டு, முழுப் படத்தையும் ஏற்றி, கரடித் தாளை ஒட்டி, ஓட்டுநர் வேலைக்குப் போகும் வழியில் அவர் கையிலேயே கொடுத்தாள். "இது ஓடும்ணே. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

மறுநாள் காலையில் பஸ் கடைக்கு முன்னால் நின்றது. பயணிகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் இறங்கி வந்து டிஸ்கைக் கல்லாவில் வைத்தார்.

"அதே கதவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் அந்த டிஸ்கைப் பார்த்தபடி நின்றாள். அவளை வாயடைக்க வைக்கத் தெருவில் யாராலும் முடிந்ததில்லை. ஒரு கரடி செய்துவிட்டது. "ரெண்டும் மண்ணைக் கவ்விடுச்சு" என்றார் மாமா மெதுவாக. "விட்டுடலாமாம்மா?"

சின்னவள் இரண்டு டிஸ்குகளைத் தூக்கிப் பிடித்தாள். பையிலிருந்த பழைய சோதனை டிஸ்க் ஒரு கையில், நின்றுபோன மைனஸ் டிஸ்க் இன்னொரு கையில். மனசுக்குள் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. வகை பிடிக்காத பிளேயர் என்ன செய்யும்? மாமாவின் பெட்டி மாதிரி வாசலிலேயே வைத்து விரட்டிவிடும். இது அப்படி இல்லையே. வீட்டுக்குள் வருகிறது, உட்காருகிறது, எல்லாக் கதையும் சொல்கிறது, கிளம்பும் நேரத்தில்தான் தகராறு செய்கிறது. விருந்தாளியைப் பிடிக்காமல் போவது வேறு. விருந்தாளிக்கு வயிற்றுவலி வருவது வேறு.

"மாமா, உங்க பெட்டியைக் கொஞ்சம் கொடுங்க."

"தூக்கக்கூடாது."

"தூக்கலை. காது மட்டும் வைக்கிறேன்."

நின்றுபோன டிஸ்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, அதன் மேல் தலையைச் சாய்த்துக் காதை வைத்தாள். கடைக்குள் வந்த ஒருவர், ஏதோ வீட்டில் துக்கம் போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். முதல் கதை ஓடியது, மழை பெய்தது, ரயில் விழுந்தது. பெட்டிக்குள் சன்னமான ஒரு இரைச்சல். கதைகள் போகப்போக இரைச்சல் தடித்தது. கரடி தெருவுக்குள் நுழைந்தபோது, பெட்டிக்குள் யாரோ தகரத்தை விரலால் சுண்டுவது மாதிரி டக், டக் என்று ஒரு சத்தம். கை ஓங்கியது. படம் உடைந்தது.

"கேட்டீங்களா அக்கா? ஆடுது. உள்ளே டிஸ்க் ஆடுது."

டிஸ்கை வெளியே எடுத்தாள். சுடச்சுட இருந்தது. திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். எழுதப்பட்ட டிஸ்கின் அடிப்பக்கம் எழுதிய தூரம் வரை ஒரு நிழல் படிந்திருக்கும். எழுத்து நடு ஓட்டையிலிருந்து தொடங்கி, குளத்தில் கல் எறிந்த வளையம் மாதிரி வெளியே போகும். சோதனை டிஸ்கில் அந்த நிழல் ஓட்டையைச் சுற்றி மெல்லிய மோதிரம். ஒரே ஒரு கதைதானே. முழுப் படத்திலோ அது விளிம்புவரை போயிருந்தது. கடைசிக் கதை, கடைசிக் கதவு, எல்லாமே விளிம்பில். சுற்றும் தட்டு ஆடினால் அதிகம் ஆடுவது விளிம்புதான்.

அப்படி ஆட வைத்தது எது? சோதனை டிஸ்கில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?

மறுபக்கம் திருப்பினாள். சூட்டில் தாள் ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. கரடியின் ஒரு காது மடங்கியிருந்தது. வட்டம் நடுவிலிருந்து மயிரிழை விலகி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, பளபளப்பாக, அவள் பெயர்.

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீடு வீடாகப் போய்ச் சோதித்தது தாள் ஒட்டாத டிஸ்க். கம்ப்யூட்டரில் பார்த்தது தாள் ஒட்டுவதற்கு முன்னால், அதுவும் முதல் கதையை மட்டும். பிளஸ்ஸா மைனஸா என்று அடித்துக்கொண்ட இருவரும், இரண்டின் தலையிலும் ஒரே தொப்பியை மாட்டியிருந்தார்கள்.

"அக்கா," என்றாள். "ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கருக்கு என்ன?"

"இந்தக் கனத்துல, இந்தச் சூட்டுல ஒரு பக்கமா இழுக்குது. எல்லா டிஸ்கையும் தாள் இல்லாம திரும்ப எழுதணும்."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உன் பேர் அதுலதானடி இருக்கு."

"பேர் இருந்து என்ன பண்ண? கதவு திறக்கலையே."

அப்போதே தாள் ஒட்டாத டிஸ்க் ஒன்றை முழுக்க ஏற்றி, மாமாவின் பெட்டியில் போட்டார்கள். மூன்று பேரும் முன்னறையில் நின்றுகொண்டே பார்த்தார்கள். கரடி கிழவரைக் கேட்டது, தையல்காரியைக் கேட்டது, நாயிடம் கடிபடாமல் தப்பித்தது. கடைசி வீட்டுக்கு வந்தது. கையை ஓங்கியது.

கதவு திறந்தது.

மாமா கைதட்டிவிட்டார். பிறகு, தன் பெட்டி பதறிவிடுமோ என்று உடனே நிறுத்திக்கொண்டார்.

அடுத்து வந்த பகலெல்லாம் பின்னறை ஒரு சிறு தொழிற்சாலையாக இருந்தது. இரண்டு ரைட்டர்களும் மூச்சு வாங்க உழைத்தன. மற்ற எல்லாருக்கும் மைனஸ். அந்த இரண்டொரு வீடுகளுக்குப் பிளஸ். எந்த வீடு என்று கேட்டபோது சின்னவள் யோசிக்கவே இல்லை. "பூவேலைத் துணி வீடும், வீட்டுக்காரர் ரிப்பேர் வீடும்."

"பார்த்தியா? என் ஆளுங்க கொஞ்சம் பேர்னாலும் தரமான ஆளுங்க" என்றாள் பெரியவள். இந்தத் தடவை ஒவ்வொரு டிஸ்கையும் முதல் கதையோடு நிறுத்தாமல், கதவு திறக்கிறதா என்று கடைசிவரை பார்த்தார்கள். கணவன்மார் சாப்பிட வந்து, பின்னறையை எட்டிப் பார்த்து, தாங்களே தட்டில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

நடுவில் ஒருமுறை சின்னவள் நிமிர்ந்தபோது, பெரியவள் மேசையில் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தாள். மெல்லிய நுனிப் பேனா, டிஸ்கில் எழுதுவதற்கென்றே விற்பது. ஒவ்வொரு டிஸ்கிலும் ஓட்டைக்குப் பக்கத்தில் தன் அச்சுக் கையெழுத்தில் சின்னவளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே நாலே கோட்டில் ஒரு கரடி.

"எல்லாத்துலயுமா அக்கா? கை வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். மை எடை போடாது. வேணும்னா காதை வச்சுக் கேட்டுப் பாரு."

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் டிஸ்க் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குப் போன் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. போன் வராதது நல்லதா கெட்டதா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. மாமா மட்டும் இரண்டாவது கேமராவைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, கல்லாவில் வைத்திருந்தார். "விழாவை யாராவது எடுக்கணுமே" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பள்ளியின் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பிள்ளைகள் முன்வரிசையில். பெரியவள் நல்ல புடவையில், யாரோ தன்னைப் பரிசு வாங்க அழைக்கப்போவது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னவள் மேடைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி கேமராவை நிறுத்திக்கொண்டாள்.

தலைமையாசிரியை மேடைக்கு வந்தார். வாயால் பேசிக்கொண்டே கையாலும் சொன்னார்.

"முதல்ல ஒரு கேள்வி. யார் வீட்டுல படம் நின்னுச்சு? பயப்படாம கையைத் தூக்குங்க."

சின்னவள் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. திரையில் கூடம் முழுவதும் தெரிந்தது. ஒரு கை மேலே போனது.  அந்தக் கை காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. வேறு ஒரு கையும் அசையவில்லை.

"சரி. யார் வீட்டுல கதவு திறந்துச்சு?"

 முன்வரிசையில் பிள்ளைகள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து, ஆட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய கைதட்டல் அதுதான். சத்தத்தைக் கேட்க முடியாதவர்களுக்காகக் கண்ணுக்குத் தெரியும் கைதட்டல். அவர்களுக்குப் பின்னால் அம்மாக்கள் தூக்கினார்கள், அப்பாக்கள் தூக்கினார்கள், சுவரோரம் நின்றவர்கள் தூக்கினார்கள். ஒரு சத்தமும் இல்லாமல், காற்றடிக்கும் மரம் மாதிரி கூடமே அசைந்தது. எத்தனையோ கல்யாணங்களையும் கூட்டங்களையும் வெட்டிய சின்னவள், இவ்வளவு பெரிய ஆரவாரத்தைக் கேட்டதே இல்லை.

நடுவில் காக்கிச் சட்டையில் பஸ் ஓட்டுநர். அவர் கையை ஆட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு தன் மகளைச் சுட்டிக்காட்டினார். கரடியின் தூக்கம் கடைசி வீட்டில் ஒரு சின்னப் பெண்ணின் கட்டிலில் படுத்திருந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பல் விழுந்த பெண் அவர் விரல்களைப் பிடித்து, இப்படி இல்லை, இப்படி என்று திருத்தினாள். அவர் திரும்பச் செய்தார். அவள் தலையாட்டி, பல் இல்லாத இடம் முழுக்கத் தெரியச் சிரித்தாள். சின்னவள் அவர்கள் முகத்துக்குக் கிட்டே போகவில்லை. முழங்கைக்கு வெளியே இடம் விட்டு, நான்கு கைகளையும் முழுசாக உள்ளே வைத்தாள்.

மேடையிலிருந்து தலைமையாசிரியை குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "முதல் பாடம் திங்கக்கிழமை எடுக்கலாமா? காலையில வெளிச்சம் நல்லாயிருக்கும்."

சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் கேமரா ஆடிவிடும். இரண்டு கையும் கேமராவில் இருந்ததால் அவளால் அந்தக் கைதட்டலில் சேரவும் முடியவில்லை. திரையின் ஓரத்தில் பெரியவள் தெரிந்தாள். புடவைத் தலைப்பு சரிவதைக்கூடக் கவனிக்காமல், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்த்ததும் வாயை மட்டும் அசைத்து என்னவோ சொன்னாள். சத்தம் வராவிட்டாலும் சின்னவளுக்குப் புரிந்துவிட்டது.

'இதுல பிளஸ் வீட்டுக் கை எதுன்னு கொஞ்சம் கிட்ட போய்க் காட்டுடி.'